நாள் திருத்துதல்

சங்கத்துக் கொம்பியூட்டர்
ஒவ்வொரு விடியலிலும்
இரண்டாயிரத்து ஒன்பது ஜனவரி முதலாம் திகதியில்தான்
கண் விழிக்கும்.
பால் கான்கள் வந்து இறங்க முன்னம்
திரையின் மூலையில் நிற்கும் அந்த நாளைப் பிடித்து
வருசம் வருசமாய் அமத்தி
இன்றைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை.
சம்பளப் பட்டியலில் இல்லாத வேலை.

அவசரத்தில் ஒருநாள் மறந்துபோனேன்.
வசந்தமலர் அக்காவின் நாலரை லீற்றர்
மல்லாவியில் ஒரு சனமும் இல்லாத நாளில்
கறந்ததாய் அச்சாகி வந்தது.
சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.
"அண்டைக்கு நாங்கள் தருமபுரம்.
மாடு இஞ்சைதான் நிண்டது" என்றா.
மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனா.

வேறு நோய்களும் உண்டு.
'ழ' விசை செத்து மூன்று வருசம்.
கிழமைக் கணக்கு என்று அடிக்க
ஒற்றை 'ழ' மட்டும் இருக்கும் கோப்பைத் திறந்து
அதை எடுத்து வந்து ஒட்டவேண்டும்.
"ஒரு எழுத்துக்கு ஒரு பலகையோ?"
தலைவர் பாக்கியநாதர் கேட்பார்.
போன மாரியில் உள்ளேயிருந்து புகை வந்த பிறகுதான்
எழுபத்தையாயிரம் என்று கூட்டத்தில் எழுதினார்கள்.

மாங்குளத்தில் பஸ் மாறி
கிளிநொச்சியில், கரடிப்போக்குச் சந்தி தாண்டிய கடை.
கண்ணாடி விலாவோடு ஒன்று
திருவிழாச் சப்பறம் போல
நிறம் நிறமாய் மின்னிக்கொண்டிருந்தது.
"என்ன பாவனைக்கு அக்கா?"
"பால்."
துவாரகன் என்ற அந்தப் பொடியன்
சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான்.
நூற்றிப் பதினாறு பேர், ஆளுக்கு இரண்டு நேரம்,
லீற்றர், கொழுப்பு, முற்பணம், தீவனக் கடன்
என்று விளங்கப்படுத்தினேன்.
சப்பறத்தை விட்டு
மெலிந்த கறுப்புப் பெட்டிகளின் பக்கம் கூட்டிப்போனான்.
சிங்கப்பூர்க் கந்தோர்களில் உழைத்து
ஓய்வு பெற்றவையாம்.

மாடென்றால் சுழி பார்ப்போம்,
பல்லைப் பிடித்து வயது பார்ப்போம்.
இதற்கு எங்கே பார்ப்பது?
பின்பக்கம் திருப்பித் துளைகளை எண்ணினேன்.
விசிறியில் காது வைத்தேன்.
ஒன்று இரைந்தது. ஒன்று மூச்சே விடவில்லை.
மூன்றாவது, அடைப்பில் நிற்கும் பசு அசைபோடுவது மாதிரி
ஒரே சீராய்.
அதன் நெற்றியில் யாரோ ஒட்டியிருந்த
பூனைப்படம் பாதி உரிந்துபோய்க் கிடந்தது.

"கரண்ட் போனால் நாள் நிக்குமோ?"
அவனுக்கு விளங்கவில்லை. சொன்னேன்.
"அக்கா, அது காசளவு பட்டரி ஒண்டு.
இருநூறு ரூபா. இவ்வளவு நாளும் ஏன் மாத்தேல்லை?"
தெரியாது என்றேன். பொய்யில்லை.
"எந்த நாளுக்குப் போகுது?"
சொன்னேன்.
அவனுக்கு அப்போது ஏழெட்டு வயதிருக்கும்.
திருகாணி ஒன்றை விரலால் உருட்டியபடி நின்றான்.
எங்கே இருந்தாய் என்று நான் கேட்கவில்லை.
அவனும் கேட்கவில்லை.
ஆறு மாத உத்தரவாதம் என்று
பில்லை எழுதத் தொடங்கினான்.
கடைசி வரியில்
பட்டரி ஒன்று என்றும் போடச் சொன்னேன்.

மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன்.
கொண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கேட்டான்.

புதிசு தானே நாளை அறிந்து எழும்புகிறது.
முதல் கிழமை முழுக்க
என் விரல் மூலைக்குப் போய்
வேலையில்லாமல் திரும்பிவந்தது.
பழைய கோப்புகள் திறந்தால்
கீறலும் புள்ளியுமாய் ஆட்களின் பெயர்கள்;
எழுத்துரு போட்ட பிறகே மனிசராய் வந்தார்கள்.
பழைய பெட்டி மேசைக்குக் கீழே,
தீவனச் சாக்குக்குப் பக்கத்தில்.
பட்டரி லாச்சிக்குள். இன்னும் போடவில்லை.

வசந்தமலர் அக்கா சீட்டை வாங்கி
முதலில் நாளைப் பார்த்தா.
பிறகுதான் லீற்றர்.
பிறகு கொழுப்பு:
"மூன்று தசம் இரண்டோ?
பழசு எனக்கு நாலுக்குக் கீழ போட்டதில்லை!"
வரிசை முழுக்கக் கேட்க
அரை மணித்தியாலம் சண்டை பிடித்தா.